என் காயத்தை நான் எழுதி வைக்கவில்லை: ஒரு ராணுவ அறுவை மருத்துவரின் அனுபவம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் சிற்றூர் என்னுடையது. ராணுவ மருத்துவப் பிரிவில் பத்து ஆண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றிவிட்டு 2019இல் ஊர் திரும்பினேன். திரும்பிய பிறகு, பணியின்போது பனிக்கடியில் பாதிக்கப்பட்ட இடது கையின் இரண்டு விரல்களுக்கு இழப்பீடு கேட்டு மூன்று ஆண்டுகள் நான்கு மாதங்கள் காகிதக் கட்டுகளோடு அலைந்தேன். கையிலிருந்து போனது ஏறத்தாழ 2,40,000 ரூபாய். அந்தக் காலத்தில் ஏற்க முடியாமல் விட்ட அறுவை சிகிச்சைகளின் வருமானத்தை இதில் சேர்க்கவில்லை. காயம் பட்ட அன்று நிரப்பியிருக்க வேண்டிய ஒரே ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டதுதான் இத்தனைக்கும் காரணம். டெல்டா மாவட்டங்களிலிருந்து மருத்துவம் முடித்து ராணுவத்துக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு அன்று இதைச் சொல்ல யாரும் இல்லாததால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, மதுரையில் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் பெற்ற பிறகு, 2009இல் குறுகிய காலப் பணி ஆணையில் கேப்டனாகச் சேர்ந்தேன். கல்லூரி நாட்களில் ஏ.ஜி. ரங்கராஜ் என்ற தமிழ் மருத்துவரைப் பற்றிப் படித்திருந்தேன். கொரியப் போருக்கு இந்தியா 1950இல் அனுப்பிய 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்னும் மருத்துவப் படையணிக்கு அவர்தான் தலைவர். 1951 மார்ச்சில் அந்த அணியின் மருத்துவர்கள் அமெரிக்கத் துருப்புகளுடன் பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். அதற்காக ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. மருத்துவம் படித்தவன் இப்படியும் வாழ முடியும் என்ற எண்ணம் அதைப் படித்த நாளிலிருந்து மனத்தில் ஊறிக்கொண்டிருந்தது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்ச் சொன்னபோது, "ஊசி போடுற கைக்குத் துப்பாக்கி எதுக்குப்பா?" என்று கேட்டார். ராணுவத்திலும் எனக்கு ஊசியும் கத்தியும்தான் என்று விளக்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

சேர நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பணிக்காலத்தைப் பற்றியது. குறுகிய காலப் பணி என்பது முதலில் ஐந்து ஆண்டுகள். பிறகு விருப்பமும் தகுதியும் இருந்தால் ஐந்து, நான்கு என இரண்டு நீட்டிப்புகள். மொத்தம் பதினான்கு ஆண்டுகள். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் பெறக் குறைந்தது இருபது ஆண்டுப் பணி வேண்டும். ஆகவே நிரந்தர ஆணைக்கு மாறாத ஒருவர், பதினான்கு ஆண்டுகளையும் முழுமையாக முடித்தாலும், பணிக்கொடையோடும் சேமநிதியோடும்தான் வெளியே வருவார். சம்பளத்தில் குறை சொல்ல முடியாது. ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் கேப்டனின் தொடக்க அடிப்படை ஊதியம் 61,300 ரூபாய். ராணுவச் சேவை ஊதியம் 15,500 ரூபாய். மருத்துவர்களுக்குத் தனியார் தொழில் செய்யாமைக்காக 20 விழுக்காடு படி. இவற்றின் மேல் பஞ்சப்படி. மாதந்தோறும் இந்தத் தொகை வந்துகொண்டிருக்கும்போது நாற்பது வயதுக்கு மேல் என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதே இல்லை. நிரந்தர ஆணைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே வந்து போய்விடுகிறது. நான் அதை ஒருமுறை முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். இந்த முடிவைப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வீட்டாரோடு உட்கார்ந்து பேசி எடுங்கள்.

பணியில் நான் கற்றது ஏராளம். காயம்பட்டவர் முதலில் படையணியின் உதவி நிலையத்துக்கும், அங்கிருந்து ஃபீல்டு ஆம்புலன்ஸுக்கும், பிறகு முன்னணி அறுவை மையத்துக்கும், கடைசியில் தளத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கும் படிப்படியாக நகர்த்தப்படுவார். ஒவ்வொரு படியிலும் உயிரைக் காக்கத் தேவையானதை மட்டும் செய்து அடுத்த படிக்கு அனுப்புவதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. குண்டுக் காயத்தை முதல் நாளே தைத்து மூடக்கூடாது. செத்த சதையை வெட்டி நீக்கி, திறந்தே வைத்து, மூன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பிறகு சுத்தமாக இருந்தால் தைக்க வேண்டும் என்பது அங்கே எங்களுக்குப் பாலபாடம். இன்று எங்கள் பகுதியில் கதிர் அறுக்கும் இயந்திரத்தில் கால் சிக்கி, வயல் சேறோடு வருகிற காயத்துக்கும் நான் அதைத்தான் செய்கிறேன். தையல் போடாமல் அனுப்பிவிட்டார் என்று உறவினர்கள் வருத்தப்படுவார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது அவர்களை அருகே அழைத்துச் சிவந்த, சீழில்லாத சதையைக் காட்டுவேன்.

2013 ஜனவரி. லடாக்கில் 15,000 அடிக்கு மேலே இருந்த அறுவை மையத்தில் இருந்தேன். அந்த உயரத்துக்கு யாரும் நேரடியாக ஏற முடியாது. முதல் கட்டத்தில் ஆறு நாட்கள், இரண்டாம் கட்டத்தில் நான்கு, மூன்றாம் கட்டத்தில் நான்கு என்று பதினான்கு நாட்கள் உடலைப் பழக்கிய பிறகே அனுப்புவார்கள். ஓர் அந்தி நேரத்தில், மேலே இருந்த காவல் நிலையிலிருந்து இறங்கிய ஜவான் ஒருவர் பனிப் பிளவில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இருட்டிவிட்டதால் ஹெலிகாப்டர் வராது. தோழர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் சுமந்து வந்தார்கள். நானும் நர்சிங் அசிஸ்டெண்ட் ஒருவரும் பாதி வழி ஏறிச் சென்று எதிர்கொண்டோம். தொடை எலும்பு முறிந்திருந்தது, வயிறு கல்லாக இறுகியிருந்தது, கழுத்தில்தான் நாடி கிடைத்தது. தடித்த கையுறையோடு நரம்பூசி ஏற்ற முடியாது என்பதால் அதைக் கழற்றிவிட்டு, மெல்லிய அறுவைக் கையுறையோடு மூன்று முறை முயன்று ஊசியை ஏற்றினேன். சலைன் குழாயில் உறைந்துவிடக் கூடாதென்று பாட்டிலை அந்த நர்சிங் அசிஸ்டெண்ட் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சுமந்து வந்தவர்களில் ஒருவருக்கு மூச்சு வாங்கியதால் ஸ்ட்ரெச்சரின் இரும்புப் பிடியை இடது கையால் நான் பிடித்தேன். இரத்தமும் சலைனும் நனைத்திருந்த மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறையை மாட்ட மறந்துவிட்டேன். நாற்பது நிமிடம் நடந்தோம்.

மையத்துக்கு வந்து வெந்நீரில் கை கழுவியபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெழுகுபோல வெளுத்திருந்ததைப் பார்த்தேன். பனிக்கடி. உணர்வு மீண்டு வரவர நெருப்பில் வைத்ததுபோல வலித்தது. அந்த விரல்களோடுதான் அவருடைய கிழிந்த மண்ணீரலை அகற்றினேன். அவருடைய இரத்த வகையைச் சேர்ந்த நான்கு ஜவான்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார். இரண்டாம் நாள் வானம் தெளிந்ததும் ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பினோம். அதற்குள் என் இரு விரல் நுனிகளிலும் கொப்புளங்கள் எழுந்திருந்தன. நானே கட்டுப் போட்டுக்கொண்டேன், நானே மருந்து எடுத்துக்கொண்டேன். அந்த ஜவானின் காயங்களைப் பற்றி நான்கு பக்கங்கள் எழுதிய நான், என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று பின்னாளில் எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். கால்விரல் இழந்தவர்களுக்குச் சிகிச்சை அளிக்கிற இடத்தில், இரண்டு கொப்புளங்களுக்காக நோயாளி என்று பெயர் எழுதிக்கொள்ள வெட்கமாக இருந்தது. என் இடத்துக்கு மாற்று மருத்துவர் உடனே வர முடியாது என்பதும் உண்மை. ஆனால் வெட்கம்தான் பெரிய காரணம். ராணுவத்தில் காயம் பட்டால் ஐ.ஏ.எஃப்.ஒய்.–2006 என்ற காய அறிக்கைப் படிவம் நிரப்பப்பட வேண்டும். காயம் பட்டபோது நீங்கள் பணியில் இருந்தீர்களா, எந்தச் சூழலில் பட்டது என்பதைத் தலைமை அதிகாரி அதில் பதிந்து கையொப்பமிடுவார். பிற்காலத்தில் உங்கள் குறைபாடு பணியால் வந்ததா, இல்லையா என்ற கேள்வி எழும்போது முதலில் தேடப்படும் தாள் அதுதான். நூற்றுக்கணக்கானவர்களுக்கு அதை நிரப்பிக் கொடுத்தவன் நான். மருத்துவராக இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். சிறு காயமானாலும் வேறொரு மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, அவர் கையால் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். அதன் நகல் ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும்.

கொப்புளங்கள் ஆறின, தோல் உரிந்து புதுத் தோல் வந்தது. நுனிகளில் மட்டும் லேசான மரத்துப்போன தன்மை நின்றுவிட்டது. ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் மனநலம், செவி, கைகால், உடல், கண் என்ற ஐந்தையும் சேர்த்து 'ஷேப்' என்று குறிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஷேப்–1, அதாவது ஐந்திலும் முழுத் தகுதி. கைகாலுக்கு உரிய இடத்திலும் குறையில்லை என்றே எழுதப்பட்டது, நானும் கையொப்பமிட்டேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. விடிந்தபோது எங்கள் தென்னந்தோப்பில் பத்துக்கு எட்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். அப்பா நட்ட மரங்கள். அடுத்த மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பத்தாண்டு முடியும் தறுவாயில் இருந்த நான் இரண்டாவது நீட்டிப்பைக் கேட்காமல், விடுவிப்புக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த முடிவுக்காக நான் வருந்தவில்லை. அந்த அவசரத்தில் செய்த காரியத்துக்காகத்தான் வருந்துகிறேன். விடுவிப்பு மருத்துவப் பரிசோதனையின்போது, எனக்கு நன்கு பழக்கமான மருத்துவர், "ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். குறைபாடு இல்லாதவர்களுக்கான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.–18 படிவத்தில் இருவரும் கையொப்பமிட்டோம். அன்று மாலை எனக்கு ரயில்.

குறைபாடு உண்டென்றால் விடுவிப்பு மருத்துவக் குழு கூடி, 16ஆம் எண் படிவத்தில் அதன் காரணத்தையும் விழுக்காட்டையும் பதிவு செய்யும். அதற்குச் சில வாரங்கள் கூடுதலாக ஆகலாம். அந்தச் சில வாரங்களை மிச்சப்படுத்தப் போய்த்தான் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழந்தேன். காது கேட்பது குறைந்திருந்தாலும், முதுகு வலித்தாலும், விரல் மரத்திருந்தாலும் விடுவிப்புப் பரிசோதனையில் சொல்லுங்கள். வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள்.

ஊருக்கு வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். முதல் மார்கழியிலேயே தெரிந்துவிட்டது. அதிகாலைப் பனியில் தோப்புக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்தால் இரண்டு விரல்களும் வெளுத்து, ஊசி குத்துவதுபோல வலித்தன. பனிக்கடி பட்ட இடம் ஆண்டுகள் கடந்தும் குளிரைத் தாங்காது என்பது எனக்குத் தெரிந்த பாடம்தான். குளிரூட்டிய அறுவை அரங்கில் இரண்டு மணி நேரம் நின்றாலும் அதே நிலை. 2020 தை மாதத்தில், குடல் அறுவை சிகிச்சை ஒன்றில், இரத்தக் குழாயைக் கட்டும் நூலின் முடிச்சு இறுகியதா என்பது விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்து, மறுபடியும் கட்டி, உடனிருந்த மருத்துவரையும் சரிபார்க்கச் சொன்னேன். நோயாளிக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. ஆனால் அறுவை மருத்துவனின் இடது ஆள்காட்டி விரல் இருட்டில் அவனுக்குக் கண். அன்றிரவு நான் உறங்கவில்லை. மறு வாரமே பெரிய அறுவை சிகிச்சைகளை ஏற்பதில்லை என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன். என் வருமானம் பாதிக்கும் கீழே போனது.

நரம்புப் பரிசோதனையில் குறை உறுதியானதும் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். அன்று நடப்பில் இருந்த 2008ஆம் ஆண்டு விதிகளில், பணியின்போது தொடங்கிய பாதிப்பு விடுவிப்புக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டாலும் ஏற்கலாம் என்ற இடம் இருந்தது. அதை நம்பினேன். முதல் விண்ணப்பம் நான்கு மாதம் கழித்து, பெயர் ஒத்துப்போகவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நம் ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். ராணுவ ஆவணத்தில் அது விரிந்து என் பெயருக்கு முன்னால் நின்றது. ஆதாரில் பின்னால் நின்றது. மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழி ஆவணம் தயாரித்து மறுபடி அனுப்பினேன். பணியில் இருக்கும்போதே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரியாக மாற்றிவிடுங்கள்; தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கண்டிப்பாக வரும்.

பதினோரு மாதம் கழித்து மறுப்பு வந்தது. காயம் பணியின்போது ஏற்பட்டதற்குச் சமகால ஆவணம் எதுவும் இல்லை என்பதே காரணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, என் மருத்துவக் கோப்பு முழுவதன் நகலையும் கேட்டேன். முப்பது நாட்களுக்குள் வந்தது. விரல் என்ற சொல்லே அதில் இல்லை. அறுவை மையத்தின் பதிவேடுகள் காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டதாக வேறொரு பதில் வந்தது. இந்த நகல்களை விண்ணப்பிப்பதற்கு முன்பே வாங்கியிருந்தால் என் கோப்பின் ஓட்டை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஒரு வழக்கறிஞரிடம் 85,000 ரூபாய் கொடுத்தேன். பணியில் சேரும்போது குறைபாடு எதுவும் குறிக்கப்படாதிருந்தால், பின்னர் வந்த குறைபாட்டின் காரணம் குறித்த ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பைக் காட்டி மேல்முறையீடு எழுதினார். ஆனால் அந்த வழக்கில் குறைபாட்டைப் பதிவு செய்த மருத்துவக் குழு இருந்தது; என்னிடமோ குறையில்லை என்று நானே கையொப்பமிட்ட தாள் இருந்தது.

அந்த மாதங்களில் நான் யாரிடமும் பேசவில்லை. மனைவியிடம்கூட வருமானம் குறைந்ததற்குக் கொரோனாவைக் காரணம் சொன்னேன். உயிர் பிழைத்து, இரண்டு கையும் இருக்கும்போது விரல் மரத்ததற்குப் பணம் கேட்கிறானே என்று ஊரார் நினைப்பார்கள் என்ற கூச்சம். அது தவறு. எல்லாவற்றையும் அவளிடம் சொன்ன நாளில், "ஏங்க, அன்னைக்கு உங்க கூட இருந்தவங்க யாருமே இல்லையா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். இரண்டு ஆண்டுகளாக எனக்குத் தோன்றாத கேள்வி அது.

சலைன் பாட்டிலை நெஞ்சில் வைத்திருந்த அந்த நர்சிங் அசிஸ்டெண்ட் ஓய்வு பெற்று இமாசலப் பிரதேசத்தில் இருந்தார். பழைய தோழர்கள் வழியாக அவருடைய எண் கிடைத்தது. குரலைக் கேட்டதும், "சாப், விரல் எப்படி இருக்கிறது?" என்று இந்தியில் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. நோயாளியின் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும் சொந்தக் குறிப்பேடு ஒன்றை அவர் வைத்திருந்தார். பணி முடிந்து போகும்போது அதைத் தூக்கி எறியாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பென்சில் எழுத்து. நாடி, அழுத்தம், ஏற்றிய இரத்தம் என்ற வரிசைகளுக்குக் கீழே, மறுநாள் காலை ஏழு மணிக்கு, டாக்டர் சாபின் இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு என்று ஒரு வரி. கட்டுத்துணி எவ்வளவு செலவானது என்ற கணக்குக்காக எழுதியிருக்கிறார்.

தஞ்சை சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைப் பதிவேடுகள் இருக்கின்றன. நோயாளியின் கண்ணை ஓவியமாக வரைந்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். மாணவனாக இருந்தபோது அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பென்சில் வரியைப் பார்த்த அன்று அதன் பொருள் வேறு விதமாக விளங்கியது.

அவருடைய உறுதிமொழி ஆவணமும் குறிப்பேட்டின் பக்கமும் மேல்முறையீட்டில் சேர்ந்தன. 2023இல் மருத்துவக் குழு முன் நேரில் வரச் சொன்னார்கள். கையைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பரிசோதித்தார்கள். பாதிப்பு பணியால் நேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். குறைபாட்டின் அளவு 15 முதல் 19 விழுக்காடு என்றார்கள். பணிக்காலம் முடிந்து வெளியேறியவருக்குப் பணம் கிடைக்க 20 விழுக்காடு வேண்டும். ஆகவே எனக்குத் தொகை எதுவும் வரவில்லை. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். நான் போகவில்லை. பணியால் நேர்ந்தது என்ற வரி எழுத்தில் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. அலைய உடம்பிலும் பையிலும் ஒன்றும் மிச்சமில்லை. உங்களுக்கு வலு இருந்தால், அந்த ஆறு மாதக் கெடுவைத் தவறவிடாமல் போங்கள். குறுகிய காலப் பணி முடித்தவர்களும் சந்தா செலுத்தி முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் சேர 2019 முதல் வழி இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

இப்போது குடலிறக்கம், புண், வெட்டுக் காயம், எலும்பு முறிவுக்கான முதலுதவி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அறுவை அரங்கில் குளிரூட்டியின் அளவை 24க்குக் கீழே வைப்பதில்லை. முடிச்சுகளை வலது கை விரலால் சரிபார்க்கப் பழகிக்கொண்டேன். அதற்கு ஓராண்டு ஆயிற்று. சென்ற மாதம் ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பெண் மருத்துவர், ராணுவப் பணிக்குத் தேர்வாகி, லக்னோவில் நடக்கும் தொடக்கப் பயிற்சிக்குப் புறப்படும் முன் தன் தந்தையோடு வந்திருந்தார். நிரந்தர ஆணை, பெயர், காய அறிக்கை, விடுவிப்புப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்திவிட்டு, "அந்த ஜவான் இப்போது எங்கே இருக்கிறார், சார்?" என்று கேட்டார். பஞ்சாபில் விவசாயம் செய்கிறார், ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அழைத்துப் பேசுவார் என்றேன்.